கிளம்ப மறுக்கும் கார்: ஒரு தீப்பொறியின் வரலாறு

மோட்டார் காரின் வரலாற்றை எழுதியவர்கள் பெரும்பாலும் அது ஓடிய கதையைத்தான் எழுதியிருக்கிறார்கள். எந்த ஆண்டில் எத்தனை மைல் வேகம், எந்தப் பந்தயத்தில் எவர் வென்றார், எந்தத் தொழிற்சாலை எத்தனை லட்சம் வண்டிகளை வெளியே அனுப்பியது என்ற கணக்குகளுக்குக் குறைவே இல்லை. ஆனால் ஓடுவதற்கு முன்னால் கார் கிளம்பியாக வேண்டும். கிளம்ப மறுத்த கார்களின் வரலாறு ஏடுகளில் ஏறியது குறைவு. அது ஒர்க்‌ஷாப்புகளில், கிரீஸ் படிந்த கைகளின் வழியே, வாய்மொழியாக வழங்கி வருகிறது.

அந்த வாய்மொழியை வரலாற்றோடு சேர்த்து வாசிக்கும்போது ஓர் உண்மை புலப்படுகிறது. பழைய காரின் இக்னிஷன் அமைப்பில் இருக்கும் ஒவ்வோர் உறுப்பும், அதற்கு முந்தைய ஏதோ ஒரு தொல்லைக்கு யாரோ ஒருவர் கண்ட விடை. ஒவ்வொரு விடையும் தன் பங்குக்கு ஒரு புதிய தொல்லையைக் கொண்டுவந்தது. ஆகவே, காலையில் கிளம்பாத பழைய காரின் முன்னால் பானட்டைத் திறந்து நிற்கும் மெக்கானிக், தான் அறியாமலே ஒரு நூற்றாண்டின் வழியாக நடந்துகொண்டிருக்கிறார். அவர் நடக்கும் அந்தப் பாதையைத்தான் இக்கட்டுரையில் நாம் பின்தொடரப் போகிறோம்.

நெருப்பு வைக்கும் சிக்கல்

பெட்ரோல் எஞ்சினுக்கு வேண்டியவை மூன்று. காற்றோடு சரியான அளவில் கலந்த எரிபொருள், அக்கலவையை இறுக்கும் அழுத்தம், உரிய கணத்தில் ஒரு நெருப்பு. பிஸ்டனும் சிலிண்டரும் நீராவி எஞ்சின் காலத்திலேயே மனிதனுக்குப் பழகியவை. மூன்றாவதுதான் முற்றிலும் புதிது. மூடிய இரும்புப் பாத்திரத்துக்குள், நிமிடத்துக்குப் பல நூறு முறை, கணக்குத் தவறாமல் நெருப்பு வைப்பது எப்படி?

1860ல் பாரிஸில் எத்தியேன் லெனுவார் தன் எரிவாயு எஞ்சினில் மின்பொறியைப் பயன்படுத்தினார். பொறியைத் தந்தது ரூம்கோர்ஃப் சுருள். ழூல் வெர்னின் பூமியின் மையத்துக்குப் பயணம் போகும் பாத்திரங்கள் கையில் ஏந்திச் செல்லும் விளக்கும் இந்தச் சுருளால் எரிவதுதான் என்பது இலக்கிய வாசகர்களுக்கு நினைவிருக்கலாம். ஆனால் அக்காலத்து மின்கலங்களும் சுருள்களும் நம்பத்தகுந்தவையாக இல்லை. 1876ல் நான்கு வீச்சு எஞ்சினை ஓட வைத்த நிக்கொலாஸ் ஓட்டோ மின்சாரத்தை ஒதுக்கிவிட்டு, வெளியே அணையாமல் எரியும் ஒரு சிறு சுடரை, நகரும் வால்வு ஒன்றின் வழியாக உள்ளே எடுத்துச் சென்றார். மெதுவாக ஓடும் தொழிற்சாலை எஞ்சினுக்கு அது போதுமானதாக இருந்தது. வேகமாக ஓடும் சிறிய எஞ்சினுக்குப் போதவில்லை.

கோட்லீப் டைம்லரும் வில்ஹெல்ம் மேபாக்கும் 1883ல் கண்ட வழி சூட்டுக்குழாய். சிலிண்டரிலிருந்து வெளியே நீளும் ஒரு சிறு குழாயை பர்னர் வைத்துச் சிவக்கக் காய்ச்சுவார்கள். பிஸ்டன் கலவையை இறுக்கும்போது அது அந்தக் குழாய்க்குள் புகுந்து பற்றிக்கொள்ளும். எளிய ஏற்பாடுதான். ஆனால் எந்தக் கணத்தில் பற்றும் என்பது ஓட்டுகிறவரின் கையில் இல்லை. பலத்த காற்று அடித்தால் பர்னர் அணைந்துவிடும். பெட்ரோலுக்குப் பக்கத்திலேயே திறந்த நெருப்பு எரிந்துகொண்டிருக்கும். அந்நாளில் கார் நின்றால் பழுது தேடுவது என்பது அடுப்பு அணைந்துவிட்டதா என்று குனிந்து பார்ப்பதுதான்.

மான்ஹைமில் கார்ல் பென்ஸ் இந்த வழியை ஏற்கவில்லை. மின்கலமும் சுருளும் தரும் பொறியையே நம்பினார். அதற்காக நெடுநாள் மல்லாடினார். எஞ்சின் கட்டுவதில் உள்ள சிக்கல்களிலெல்லாம் பெரிய சிக்கல் இதுவே என்பது அவர் கருத்து. 1886 ஜனவரி 29 அன்று அவர் காப்புரிமைக்கு விண்ணப்பித்த மூன்று சக்கர வண்டியில் மின்பொறிதான் இருந்தது. அதைக் கிளப்ப, பின்புறம் படுக்கைவாட்டில் இருந்த கனத்த ஃப்ளைவீலை இரு கைகளாலும் பிடித்துச் சுழற்ற வேண்டும்.

1888 ஆகஸ்டில் அவருடைய மனைவி பெர்த்தா பென்ஸ், கணவரிடம் சொல்லாமல், யூகன், ரிச்சர்ட் என்ற இரு மகன்களையும் ஏற்றிக்கொண்டு மான்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமில் இருந்த தாய்வீட்டுக்கு அந்த வண்டியில் புறப்பட்டார். ஏறத்தாழ 106 கிலோமீட்டர். எரிபொருளுக்கு வீஸ்லோக் ஊரின் மருந்துக்கடையில் லிக்ராயின் வாங்கினார். எரிபொருள் குழாய் அடைத்துக்கொண்டபோது தொப்பி ஊசியால் குத்திச் சுத்தம் செய்தார். இக்னிஷன் கம்பியின் உறை தேய்ந்து மின்சாரம் கசிந்தபோது, தன் காலுறைப் பட்டியை அவிழ்த்து அதைச் சுற்றிக் கட்டினார். முதல் நெடுந்தூரக் கார்ப் பயணம் என்று இது புகழப்படுகிறது. நம் நோக்கில் அதற்கு இன்னொரு சிறப்பும் உண்டு. நடுவழியில் இக்னிஷன் பழுதைக் கண்டுபிடித்துச் சரிசெய்ததாக வரலாற்றில் பதிவான முதல் நிகழ்ச்சிகளில் ஒன்று அது. பழைய கார் மெக்கானிக் இன்றும் முதலில் தடவிப் பார்ப்பது வயரின் உறையைத்தான்.

காந்தம் தந்த பொறி

பென்ஸின் வழியில் இருந்த குறை, மின்கலம் தீர்ந்துபோவது. ஓடும்போதே அதை நிரப்பும் டைனமோ அப்போது காரில் இல்லை. இதற்கு விடையாக வந்தது மேக்னெட்டோ. நிலைக்காந்தங்களுக்கு இடையே கம்பிச்சுருள் சுழன்றால் மின்சாரம் பிறக்கும். அதற்கு மின்கலமே வேண்டாம். ஸ்டுட்கார்ட்டில் 1886ல் பட்டறை தொடங்கிய ராபர்ட் போஷ், அடுத்த ஆண்டே நிலையான எஞ்சின் ஒன்றுக்கு மேக்னெட்டோ செய்தார். 1897ல் அவருடைய பட்டறை அதை ஒரு மோட்டார் மூன்று சக்கர வண்டியில் பொருத்தியது. 1902ல் போஷிடம் பணிபுரிந்த கோட்லோப் ஹோனோல்ட், உயர் அழுத்த மேக்னெட்டோவையும் அதற்கேற்ற ஸ்பார்க் பிளக்கையும் உருவாக்கினார். சூட்டுக்குழாயின் காலம் அத்தோடு முடிந்தது.

மேக்னெட்டோவின் நம்பகத்தன்மைக்கு ஒரு சான்று சொல்லலாம். பிஸ்டன் எஞ்சின் பூட்டிய சிறு விமானங்களில் இன்றும் இரண்டு மேக்னெட்டோக்கள் இருக்கின்றன. விமானத்தின் மின்கலம் முழுவதும் செத்துப்போனாலும் எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்.

ஆனால் மேக்னெட்டோவும் தன் தொல்லையைக் கொண்டுவந்தது. வேகமாகச் சுழன்றால்தான் அது வலுவான பொறியைத் தரும். ஓடும் காருக்கு அது வரம். நிற்கும் காரைக் கிளப்ப, மனிதக் கை எவ்வளவு வேகம் சுழற்ற முடியும்? பொறி மிகவும் தேவைப்படும் நேரத்தில்தான் அது மிகவும் மெலிந்திருந்தது. குளிர்காலக் காலையில், எண்ணெய் இறுகிய எஞ்சினோடு மல்லுக்கட்டிய அக்காலத்து மனிதர்களின் களைப்பு இந்த ஒரு வாக்கியத்துக்குள் அடங்கியிருக்கிறது.

ஹேண்டிலும் மணிக்கட்டும்

1908ல் வெளிவந்து, ஒன்றரைக் கோடிக்கு மேல் விற்ற ஃபோர்டின் மாடல் டி காரில் மேக்னெட்டோ ஃப்ளைவீலிலேயே இருந்தது. அதன் மீது 16 வளைந்த காந்தங்கள். மரப்பெட்டிக்குள் சிலிண்டருக்கு ஒன்றாக நான்கு அதிர்வுச் சுருள்கள். ஸ்டியரிங் தண்டின் இருபுறமும் இரு சிறு நெம்புகோல்கள். வலப்பக்கத்தது எரிபொருளுக்கு. இடப்பக்கத்தது, பொறி எந்தக் கணத்தில் விழ வேண்டும் என்பதை முன்னும் பின்னும் தள்ளுவதற்கு.

இந்த இடப்பக்க நெம்புகோலில்தான் அபாயம் இருந்தது. எஞ்சின் வேகமாக ஓடும்போது, பிஸ்டன் உச்சியை அடைவதற்குச் சற்று முன்னதாகவே பொறி விழ வேண்டும். கலவை எரிந்து முடிக்கச் சிறிது நேரம் பிடிக்கும் என்பதே காரணம். ஆனால் கையால் மெதுவாகச் சுழற்றும்போதும் பொறி முன்னதாகவே விழுந்தால், மேலே ஏறிவரும் பிஸ்டனை வெடிப்பு கீழே தள்ளிவிடும். எஞ்சின் எதிர்த்திசையில் உதைக்கும். அந்த உதை ஹேண்டில் வழியாக, அதைப் பிடித்திருப்பவரின் கைக்கு வந்து சேரும்.

இதனால்தான் ஹேண்டில் போடுவதற்கு ஒரு முறை வகுத்திருந்தார்கள். நெம்புகோலை முதலில் பின்னுக்குத் தள்ளி வைக்க வேண்டும். ஹேண்டிலைக் கீழிருந்து மேலாக இழுக்க வேண்டும். மேலிருந்து கீழாக அழுத்தக் கூடாது. கட்டைவிரல் மற்ற விரல்களோடு ஒரே பக்கமாக இருக்க வேண்டும்; கைப்பிடியைச் சுற்றி வளைக்கக் கூடாது. மறந்தவர்களுக்கு மணிக்கட்டு முறிந்தது. முன்கையில் கட்டைவிரல் பக்கமுள்ள எலும்பின் நுனி முறிவதை மருத்துவர்கள் ஆங்கிலத்தில் இன்றும் ‘ஷோஃபர் முறிவு’ என்றே அழைக்கிறார்கள். ஹேண்டில்கள் மறைந்து பல தலைமுறைகள் ஆகின்றன. எலும்பியல் நூல்களில் அந்தக் கார் ஓட்டுநர் இன்னும் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்.

டெட்ராய்ட்டில் சொல்லப்படும் கதை ஒன்று உண்டு. கார்ட்டர்கார் நிறுவனத்தைத் தோற்றுவித்த பைரன் கார்ட்டர், வழியில் நின்றுபோன ஒரு பெண்ணின் காருக்கு ஹேண்டில் போட முன்வந்தார் என்றும், நெம்புகோல் பின்னுக்குத் தள்ளப்படாததால் ஹேண்டில் திரும்பி முகத்தில் அடித்தது என்றும், அதன் விளைவாகவே அவர் இறந்தார் என்றும் அக்கதை போகிறது. கதையின் விவரங்கள் சொல்பவருக்குச் சொல்பவர் மாறுகின்றன. கார்ட்டர் 1908ல் இறந்தது உண்மை. ஹேண்டிலை ஒழித்தாக வேண்டும் என்று காடிலாக் நிறுவனத்தின் தலைவர் ஹென்றி லேலண்ட் உறுதிபூண்டதற்கு இந்த மரணமே காரணம் என்பது வழிவழியாக வரும் பேச்சு.

ஹேண்டில் வேறொரு வகையிலும் ஆட்களைத் தடுத்து நிறுத்தியது. உடல்வலு இல்லாதவர்கள், முதியவர்கள், பெண்கள் ஆகியோரில் பலர் பெட்ரோல் காரை ஒதுக்கி மின்சாரக் காரை நாடினார்கள். பெட்ரோல் காரை வீட்டுக்கு வீடு கொண்டு சேர்த்த ஹென்றி ஃபோர்டின் மனைவி கிளாரா ஃபோர்டு ஓட்டியது 1914ஆம் ஆண்டு டெட்ராய்ட் எலெக்ட்ரிக் கார்தான். வரலாறு சில சமயம் புனைகதை எழுத்தாளரைவிடக் கூர்மையான கேலிக்காரராக இருக்கிறது.

கல்லாப்பெட்டியிலிருந்து வந்த விடை

விடை ஒரு கடையின் கல்லாப்பெட்டியிலிருந்து வந்தது. ஒஹையோ மாநிலத்தின் டேய்ட்டன் நகரில் நேஷனல் கேஷ் ரெஜிஸ்டர் நிறுவனத்தில் பணிபுரிந்தவர் சார்லஸ் கெட்டரிங். கைப்பிடியைச் சுழற்றாமல் கல்லாப்பெட்டி தானே திறக்கும்படி அதற்கொரு சிறு மின்மோட்டாரை அவர் அமைத்தார். அங்கே அவர் கற்றது ஒரு பாடம். மோட்டார் நாளெல்லாம் ஓட வேண்டியதில்லை. ஒரு கணம் மட்டும் பலமாக ஓடினால் போதும். ஒரு கணத்துக்கு மட்டுமென்றால், சிறிய மோட்டாரைக்கூட அதன் இயல்பான திறனுக்குப் பல மடங்கு மேலாக வேலை வாங்கலாம். சூடேறிக் கருகுவதற்குள் வேலை முடிந்துவிடும்.

அக்காலத்தில் காரைக் கிளப்ப மின்மோட்டார் வைத்தால் அது எஞ்சின் அளவுக்கே பெரிதாக இருக்கும் என்று வல்லுநர்கள் கணக்குப் போட்டிருந்தார்கள். நாளெல்லாம் ஓடும் மோட்டாரை மனத்தில் வைத்துப் போட்ட கணக்கு அது. எட்வர்ட் டீட்ஸ் என்பவரோடு சேர்ந்து, டீட்ஸ் வீட்டுக் களஞ்சியக் கொட்டகையில் கெட்டரிங் முதலில் லேலண்டுக்கு ஒரு புதிய இக்னிஷன் அமைப்பைச் செய்து கொடுத்தார். அதற்காக 1909ல் அவர்கள் தொடங்கிய நிறுவனத்தின் பெயர் டெல்கோ. 1911 பிப்ரவரியில் மின்மோட்டாரால் கிளம்பும் காடிலாக் காரை ஓட்டிக் காட்டினார்கள். 1912 மாடலில் அது விற்பனைக்கே வந்தது. கிளப்பும் மோட்டார், ஓடும்போது பேட்டரியை நிரப்பும் டைனமோ, விளக்குகள், இக்னிஷன் ஆகிய நான்கையும் ஒரே அமைப்பாகப் பிணைத்ததுதான் கெட்டரிங்கின் பெரிய சாதனை.

அந்தப் பிணைப்பே புதிய தொல்லைக்கும் வித்திட்டது. இப்போது பொறியும் மோட்டாரும் ஒரே பேட்டரியின் சோற்றை உண்கின்றன. பேட்டரி சற்றே தளர்ந்திருந்தால், மோட்டார் அதிலுள்ளதையெல்லாம் இழுத்துக்கொண்டு எஞ்சினைச் சுழற்றும். பொறிக்கு மிஞ்சுவது குறைவு. எஞ்சின் சுற்றுகிறது, ஆகவே பேட்டரி நன்றாகத்தான் இருக்கிறது என்று எண்ணி, பிளக்கையும் கார்புரேட்டரையும் கழற்றிப் போட்டவர்கள் எத்தனை பேரோ!

தமிழ்நாட்டு ஒர்க்‌ஷாப்புகளில் இன்றும் ‘செல்ஃப் எடுக்கவில்லை’ என்கிறார்கள். ‘தானே கிளப்பிக்கொள்ளும்’ என்று பொருள்படும் ஆங்கிலத் தொடரின் முதற்பாதி மட்டும் தமிழில் ஒரு பெயர்ச்சொல்லாகி நின்றுவிட்டது. பிரெஞ்சுக்காரர்கள் டிஸ்ட்ரிபியூட்டரை டெல்கோ என்றே அழைத்தார்கள். அந்த நிறுவனத்தின் பெயர் அங்கே பொருளின் பெயராயிற்று. இயந்திரங்கள் மாறிய பின்னும் சொற்கள் பழைய வரலாற்றைச் சுமந்துகொண்டிருப்பதற்கு இவை எடுத்துக்காட்டுகள்.

பழுது தேடும் முறை

கெட்டரிங் வகுத்த அமைப்பே, சிறுசிறு மாற்றங்களோடு, 1970கள் வரை உலகின் பெரும்பாலான பெட்ரோல் கார்களில் இருந்தது. நம் வாசகர்களுக்குக் கண்ணால் கண்டு பழகிய கார் என்பதால், அம்பாஸிடரை எடுத்துக்கொள்வோம். பிரிட்டனின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசைக் காரின் வழிவந்தது அது. கொல்கத்தாவுக்கு அருகே உத்தர்பாராவில், ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் தொழிற்சாலையில் 2014 மே மாதம் வரை உற்பத்தியாயிற்று. அதன் 1489 கன சென்டிமீட்டர் பெட்ரோல் எஞ்சினும் பிரிட்டிஷ் வடிவமைப்புதான். மின்பாகங்களும் பர்மிங்ஹாம் லூகாஸ் நிறுவனத்தின் மரபில் வந்தவை. இந்தியக் கார்களுக்காக அத்தகைய பாகங்களைச் செய்ய 1961ல் சென்னையின் பாடியில் லூகாஸ் டி.வி.எஸ். உருவானது.

அமைப்பின் இயக்கம் இதுதான். பேட்டரியின் 12 வோல்ட் மின்சாரம் இக்னிஷன் சாவி வழியாகக் காயிலுக்குப் போகிறது. காயிலுக்குள் இரண்டு சுற்றுகள். தடித்த கம்பியில் சில நூறு சுற்று; மெல்லிய கம்பியில் பல ஆயிரம் சுற்று. தடித்த கம்பியில் ஓடும் மின்சாரம் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் பாயிண்ட் வழியாக எர்த்தை அடைகிறது. சுழலும் தண்டின் முனைப்பு பாயிண்ட்டைத் திறந்தவுடன் மின்சாரம் திடீரென்று அறுபடுகிறது. காயிலின் காந்தப்புலம் சரிகிறது. அந்தச் சரிவு மெல்லிய சுற்றில் பல ஆயிரம் வோல்ட் அழுத்தத்தை எழுப்புகிறது. ரோட்டார் அதை வாங்கி, எந்த சிலிண்டரின் முறையோ அந்த பிளக்குக்கு அனுப்புகிறது.

பாயிண்ட் திறக்கும்போது, மின்சாரம் அங்கேயே பொறியாகத் தாவ முயலும். அப்படித் தாவினால் அறுபடுதல் மந்தமாகிவிடும், பிளக்கில் பொறி மெலியும், பாயிண்ட்டும் கருகும். அதைத் தடுக்கவே பாயிண்ட்டுக்கு இணையாக ஒரு கண்டென்சர். இந்தச் சூழ்ச்சி காருக்கு முந்தையது. 1853லேயே ஃபிஸோ என்ற பிரெஞ்சு இயற்பியலாளர் ரூம்கோர்ஃப் சுருளுக்காகச் சொன்ன யோசனை அது.

நான்கு சிலிண்டர் எஞ்சின் நிமிடத்துக்கு 3000 சுற்றுச் சுற்றினால், பாயிண்ட் நொடிக்கு 100 முறை திறந்து மூட வேண்டும். ஒரு மணி நேரப் பயணத்துக்கு 3,60,000 முறை. சட்டைப்பையில் அடங்கும் ஓர் உலோகத் துண்டு இதைச் செய்கிறது. அது தேய்வதில் வியப்பில்லை. அவ்வளவு காலம் தாங்குவதே வியப்பு.

இனி, கார் கிளம்பவில்லை. தேர்ந்த மெக்கானிக் ஒரு ஸ்பேனரையும் எடுக்கும் முன் கேட்கும் முதற்கேள்வி, எஞ்சின் சுற்றுகிறதா என்பதே. சுற்றவில்லையென்றால் ஹெட்லைட்டைப் போட்டுவிட்டு செல்ஃப் போடச் சொல்வார். விளக்கு அணைந்துபோனால் பேட்டரி தளர்ந்திருக்கிறது, அல்லது அதன் முனைகளில் உப்புப் பூத்திருக்கிறது, அல்லது எஞ்சினையும் உடற்கூட்டையும் இணைக்கும் எர்த் பட்டை தளர்ந்திருக்கிறது. விளக்கு சற்றும் மங்காமல் எரிந்தால் மோட்டாருக்கு மின்சாரமே போகவில்லை என்று பொருள். விளக்கு மங்கி, ‘டக்’ என்ற ஓசையோடு எல்லாம் நின்றால், மோட்டாரின் பல்சக்கரம் ஃப்ளைவீலில் சிக்கியிருக்கக்கூடும். சாவியை அணைத்து, கியரில் போட்டு, காரை முன்னும் பின்னும் அசைத்தால் விடுபடும்.

எஞ்சின் நன்றாகச் சுற்றியும் பற்றவில்லையென்றால் இரண்டாம் கேள்வி: பொறி இருக்கிறதா? டிஸ்ட்ரிபியூட்டர் மூடியின் நடுவிலிருக்கும் தடித்த வயரைப் பிடுங்கி, மின்சாரம் தாக்காத இடுக்கியால் பற்றி, எஞ்சின் உலோகத்திலிருந்து அரை சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்துச் செல்ஃப் போட வேண்டும். பெட்ரோல் கசிவோ ஆவியோ அருகில் இருக்கக் கூடாது. நீல நிறத்தில், ‘சட் சட்’ என்று ஓசையோடு பொறி தாவினால் காயிலும் பாயிண்ட்டும் குற்றமற்றவை. பழுது அதற்கு அப்பால், மூடியிலோ ரோட்டாரிலோ வயர்களிலோ பிளக்குகளிலோ இருக்கிறது. பொறி இல்லையென்றால், அல்லது மெலிந்து மஞ்சளாக இருந்தால், பழுது அதற்கு இப்பால் இருக்கிறது. இந்த ஒரே சோதனை பழுதின் களத்தை இரண்டாகப் பிளந்துவிடுகிறது. மூத்த மெக்கானிக்குகள் புதியவர்களுக்கு முதலில் கற்றுக்கொடுப்பது இதைத்தான்: எதையும் மாற்றாதே, முதலில் பாதியை விலக்கு.

இப்பாலுள்ள பகுதிக்கு ஒரு சிறு பல்பு போதும். காயிலிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் முனைக்கும் எர்த்துக்கும் இடையே அதைப் பிடித்து எஞ்சினைச் சுழற்றினால், பல்பு மினுக் மினுக்கென்று எரிந்தணைய வேண்டும். அணையாமல் எரிந்தால், பாயிண்ட் மூடவில்லை, அல்லது மூடினாலும் அழுக்கு தடுக்கிறது. எரியவே இல்லையென்றால் காயிலுக்கே மின்சாரம் வரவில்லை, அல்லது பாயிண்ட் எங்கோ நிரந்தரமாக எர்த் அடிக்கிறது.

பாயிண்ட்டின் இடைவெளி இந்த எஞ்சினுக்கு 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர். தண்டின் முனைப்பில் உராயும் அதன் நார்க்கால் தேயத்தேய இடைவெளி குறுகும். பொறி மெல்ல மெல்லத் தாமதமாகும். ஆகவே பாயிண்ட்டின் பழுது ஒருநாள் காலையில் திடீரென்று வருவதில்லை. வாரக்கணக்கில் முன்னறிவிப்புத் தந்துகொண்டே வருகிறது. ஏற்றத்தில் இழுவை குறையும். காலையில் கூடுதலாக இரண்டு முறை செல்ஃப் போட வேண்டியிருக்கும். கேட்கும் காது இருந்தால் கேட்கலாம்.

ஏமாற்றும் பழுதுகளும் உண்டு. சூடேறினால் மட்டும் செயலிழக்கும் கண்டென்சர். கார் அரை மணி நேரம் ஓடி நிற்கும், ஆறியபின் ஒன்றும் நடவாததுபோல் கிளம்பும். மூடியின் உட்புறத்தில் பென்சிலால் கோடு போட்டதுபோல் படிந்த கரித்தடம். ஈரமான காலையில் மின்சாரம் அதன் வழியே ஓடிவிடும். டிஸ்ட்ரிபியூட்டருக்குள் உறை முழுதாக இருக்க உள்ளே மட்டும் அறுந்த குட்டை வயர். தட்டு ஒரு பக்கம் திரும்பினால் இணையும், மறுபக்கம் திரும்பினால் விலகும். பழுதான கார்புரேட்டர் என்று கழற்றப்பட்டவற்றில் பலவும் உண்மையில் இத்தகைய பழுதுகளுக்குப் பலியானவையே.

பிளாட்டினம் போனபின்னும்

பாயிண்ட்டின் தொடுமுனைகள் தொடக்கத்தில் பிளாட்டினத்தால் ஆனவை. கருகாத உலோகம் அதுவே. பின்னர் விலை குறைந்த டங்ஸ்டன் வந்தது. ஆனால் ஸ்பானிய மெக்கானிக் அதை ‘பிளாட்டினோஸ்’ என்றார். இந்தோனேசியர் ‘பிளாட்டினா’ என்றார். துருக்கியர் ‘பிளாட்டின்’ என்றார். உலோகம் போய்விட்டது, பெயர் தங்கிவிட்டது.

பிறகு பாயிண்ட்டே போயிற்று. 1973 மாடலில் கிரைஸ்லர் தன் அமெரிக்கக் கார்கள் அனைத்திலும் மின்னணு இக்னிஷனைப் பொருத்தியது. புகைக் கட்டுப்பாட்டுச் சட்டங்கள் இறுகிவந்த காலம் அது. தேய்ந்துகொண்டே போகும் பாயிண்ட்டை வைத்துக்கொண்டு அந்த அளவுகளைக் காப்பது கடினம். தேயாத, உராயாத, சரிசெய்யத் தேவையற்ற மின்னணுத் துண்டு அந்த இடத்தைப் பிடித்தது. அது எல்லா வகையிலும் மேம்பட்ட விடை என்பதில் நமக்கு ஐயமில்லை. முறிந்த மணிக்கட்டுகளையும் மழையில் நடுவழியில் நின்ற குடும்பங்களையும் நினைப்பவர் எவரும் பழைமைக்காக ஏங்கமாட்டார்.

ஆனால் முந்தைய விடைகளைப் போலவே இதுவும் ஒரு புதிய தொல்லையைக் கொண்டுவந்திருக்கிறது. பாயிண்ட் கெட்டால் கண்ணுக்குத் தெரியும்; கையால் தொடலாம்; உப்புத்தாளால் தேய்த்து வீடு வந்து சேரலாம். மின்னணுத் துண்டு கெட்டால் அதன் முகத்தில் எதுவும் தெரியாது. முன்னறிவிப்பும் பெரும்பாலும் இருப்பதில்லை. அதை மாற்றலாம், பழுது பார்க்க முடியாது. பெர்த்தா பென்ஸுக்கு ஒரு காலுறைப் பட்டி போதுமாக இருந்தது, அவர் கண்ணுக்குப் பழுது தெரிந்ததால். பழுது கண்ணை விட்டு மறைந்தபோது, பாதியை விலக்கிப் பாதியைத் தேடும் அந்தப் பொறுமையான சிந்தனை முறையைப் பழகும் வாய்ப்பும் குறைந்துவிட்டது. நாம் இழந்தது இயந்திரத்தை அன்று. ஒரு கல்விமுறையை.

பழைய கார்களை இன்றும் ஓட்டிவருகிறவர்களில் பலர் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் மின்னணுத் துண்டைப் பொருத்திக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுக்கு அனுபவசாலிகள் தவறாமல் சொல்லும் யோசனை ஒன்று உண்டு. கழற்றிய பாயிண்ட்டையும் கண்டென்சரையும் தூக்கி எறிய வேண்டாம். இடைவெளி அளக்கும் தகட்டோடும் ஒரு ஸ்க்ரூ டிரைவரோடும் சிறு டப்பாவில் போட்டு டேஷ்போர்டு அறையில் வைத்திருங்கள். ஊரில்லாத இடத்தில் கார் நிற்கும் இரவில், அந்த டப்பாவைத் திறக்கத் தெரிந்தவர் வீடு போய்ச் சேருவார்.